பதினெட்டு மணி நேரத்துக்குப் பதினாலு எடம்

உக்காருப்பா. அந்த வெத்தலைப் பெட்டியத் தள்ளி வெச்சுட்டு உக்காரு. சாப்பிட்ட கையோட உங்க அப்பாயிகிட்ட போனை நீட்டி என்னமோ காமிச்சுக்கிட்டு இருந்தியே, அதை இந்தப் பக்கம் கொண்டா பாப்போம். அவளுக்கு என்ன தெரியும்? நீ எதைக் காமிச்சாலும் ‘நல்லாருக்குடா ராசா’ம்பா. எங்கிட்டக் காமிச்சாத்தான வண்டவாளம் தெரியும்.

ஏயப்பா! கட்டம் கட்டமாப் போட்டு, கட்டத்துக்கு ஒரு கலர் அடிச்சிருக்கியே. கிராம நிர்வாக அலுவலர் அடங்கல்ல கூட இவ்வளவு சுத்தமாப் பயிர் ஏத்தினதில்ல. மெல்போர்னுக்குப் படிக்கப் போறவன், நடுவுல சிங்கப்பூர்ல 18 மணி நேரம். விடியக்காலம் 5.30-க்கு எறங்குறே, ராத்திரி 11.30-க்கு அடுத்த விமானம். அதுக்குள்ள பாக்க 14 எடம். 6.15-க்கு விமான நிலையத்து அருவி, 7 மணிக்கு மெர்லயன், 8.30-க்கு செந்தோசா, 11-க்கு மிருகக்காட்சி சாலை, அப்பறம் பூங்கா, கடைத்தெரு, கோயில், குளம்... எல்லாம் சரிதான் அப்பு. ஒண்ணுக்குப் போக எந்தக் கட்டத்துல எடம் விட்டிருக்கே?

சிரிக்காதே. நான் கேக்குறது நெசம்.

ஒத்தையில போறது வேற. அதுக்கு என்னமோ பேரு சொன்னியே, சோலோ. எனக்குச் சோளம்னு காதுல விழுந்துச்சு, என்னடா இது, சீமைக்குப் போறவன் சோளம் வெதைக்கப் போறானான்னு யோசிச்சுக்கிட்டு இருந்தேன். ஒத்தையில போறவனுக்கு உள்ள பெரிய கஷ்டம் என்னன்னு தெரியுமா? பேச ஆளில்லாதது இல்ல. கக்கூஸ் போறப்ப பையைப் புடிச்சுக்க ஆளில்லாதது. நாகப்பட்டினத்துல 1983-ல எம்.வி. சிதம்பரம் கப்பல்ல ஏறினவன் சொல்றேன், கேட்டுக்க.

முதல்ல சிங்கப்பூர்க்காரன் உன்னை உள்ள விடணும். உன் பட்டியல்ல அதுக்குக் கட்டமே இல்ல. நம்ம பாஸ்போர்ட்டுக்கு அந்த ஊருக்குள்ள போக விசா வேணும். ஆனா உங்கிட்ட ஆஸ்திரேலியா விசா இருக்குல்ல, அதை வெச்சு 96 மணி நேரம் வரைக்கும் விசா இல்லாம உள்ள போய்ட்டு வர ஒரு சலுகை வெச்சிருக்கான். அடுத்த விமானத்துக்கு உறுதியான டிக்கெட்டு கையில இருக்கணும், போற நாட்டு விசா செல்லணும். இதெல்லாம் இருந்தாலும் கவுண்டர்ல உக்காந்திருக்கவர் முடிவுதான் முடிவு. மாமியார் வீட்டு மரியாதை மாதிரி அது. குடுத்தா வாங்கிக்கணும், சட்டம் பேசி வாங்க முடியாது. அவரு ‘எதுக்கு வந்தே’ன்னு கேட்டா, இந்த 14 கட்டத்தை எடுத்து விரிச்சுராதே. கடத்தல்காரன் திட்டம்னு நினைச்சுக்குவாரு.

வருகை அட்டைன்னு ஒண்ணு இருக்கு, அதை எறங்குறதுக்கு 3 நாளுக்குள்ள போன்லயே நிரப்பிடணும். அதுக்குக் காசு கிடையாது. காசு குடுன்னு எவனாவது கேட்டா, நீ வேற கடைக்குள்ள பூந்துட்டேன்னு அர்த்தம், வெளிய வந்துரு. எங்க காலத்துல அது வெள்ளைக் காகித அட்டை. போதைப் பொருள் கடத்துனா மரண தண்டனைன்னு அதுல செவப்பு எழுத்துல அடிச்சிருப்பான். எனக்கு இங்கிலீசு படிக்கத் தெரியாது, கூட வந்த ஒருத்தரு படிச்சு அர்த்தம் சொன்னாரு. சொன்ன உடனே மடியில இருந்த திருநீத்துப் பொட்டலத்தை எடுத்துக் கடல்ல விட்டுட்டேன். வெள்ளையா இருந்துச்சுல்ல, எதுக்கு வம்பு.

அதனால சொல்றேன், மேலத்தெருப் பெரியம்மா வருவா. ‘எந் தம்பி மவன் அங்கதான் இருக்கான், ஒரு சின்னப் பொட்டலம், நார்த்தங்கா ஊறுகாதான்’னு நீட்டுவா. பிரிச்சுப் பாக்காம நீ கட்டாத பொட்டலம் எதையும் கொண்டு போகாதே. பெரியம்மா கோவிச்சுக்கிட்டா அடுத்த பொங்கலுக்குச் சரியாயிரும். சூயிங் கம் 1992-லேர்ந்து அந்த ஊருக்குள்ள கொண்டு போக முடியாது. உறிஞ்சிக்கிட்டு ஊதுறாங்களே கரண்டு சிகரெட்டு, அது கையில இருந்தாலே குத்தம். நீ அதெல்லாம் தொட மாட்டேன்னு உங்க அம்மா நம்புறா, நானும் நம்புற மாதிரியே இருக்கேன். மெல்லுற புகையிலைக்கும் தடை. துப்பினா தண்டம். என்னை மாதிரி ஆளு இனிமே அந்த ஊருக்குப் போக முடியாது. துப்பாட்டி எனக்குப் பேச்சே வராது.

பொட்டி விசயம். ரெண்டு விமானமும் ஒரே டிக்கெட்டுல இருந்தா, திருச்சியில பொட்டி போடுறப்பவே ‘இது மெல்போர்ன் வரைக்கும் தானாப் போவுமா’ன்னு வாய் தொறந்து கேளு. ரெண்டும் வேற வேற டிக்கெட்டுன்னா சாங்கி விமான நிலையத்துல நீதான் எடுக்கணும். எடுத்து, காசு கட்டிப் பொட்டி வைக்கிற எடத்துல வெச்சுட்டுக் கையை வீசிக்கிட்டுப் போ. உங்க அம்மா கட்டுற 30 கிலோவை இழுத்துக்கிட்டு ஊர் பாக்கப் போனியன்னா, ஊரு உன்னைத்தான் வேடிக்கை பாக்கும்.

இப்ப உன் முதல் கட்டத்துக்கு வர்றேன். 6.15-க்கு அருவி. 40 மீட்டர் உசரத்துலேர்ந்து கட்டடத்துக்குள்ளயே தண்ணி கொட்டுது, உலகத்துலயே கூரைக்குள்ள விழுற அருவியில அதுதான் உசரம், 2019-ல தொறந்தான், எல்லாம் சரி. ஆனா அது குத்தாலமா, விடியக்காலம் போயித் தலையை நீட்ட? அது குழாயில விடுற தண்ணி, பகல் ஏறினதுக்கு அப்பறந்தான் தொறந்து விடுவான். ராத்திரி நீ திரும்பி வர்றப்ப வெளிச்சம் போட்டுக் கலர் கலரா விழும், அப்பப் பாத்துக்க. அதோட அந்த ஜுவல் கட்டடம் பாஸ்போர்ட்டு முத்திரைக்கு அந்தாண்ட, வெளிய இருக்கு. பாத்துட்டு உள்ள வர்றதுக்கு நேரம் எடுத்து வெச்சுக்க.

ரெண்டாவது கட்டம், 7 மணிக்கு மெர்லயன். அந்த ஊருல வருசம் முச்சூடும் சூரியன் ஏறக்குறைய 7 மணிக்குத்தான் எட்டிப் பாக்கும். பூமத்திய ரேகைக்குப் பக்கத்து ஊரு, நம்ம மாதிரி தையில ஒண்ணு ஆடியில ஒண்ணுன்னு மாறாது. ஏழு மணிக்கு நீ செல்ஃபி புடிச்சா சிங்கந்தான் தெரியும், நீ தெரிய மாட்டே. நம்ம கடிகாரத்துக்கு 2½ மணி நேரம் முன்னாடி ஓடுற ஊருங்கறதையும் மறந்துராதே. போன் தானா மாத்திக்கும். உடம்பு மாத்தாது. ராப்பூரா விமானத்துல தூங்காம வந்தவனுக்கு அங்க மணி 7-ன்னா உள்ளுக்குள்ள 4.30. கோழி கூப்பிடாத நேரத்துல சிங்கத்தைப் பாத்து என்ன பண்ணப் போறே?

அந்தச் சிங்கத்தோட கதையே தனி. 8.6 மீட்டர் உசரம், நம்ம கொல்லைத் தென்னையில பாதி இருக்குமா. மேல சிங்கம், கீழ மீனு, வாயில தண்ணி. 1972-ல வெச்சான். நான் இருக்கறப்ப ஆத்து முகத்துல வேற எடத்துல நின்னுச்சு. 2002-ல இப்ப இருக்கற எடத்துக்கு நகத்திட்டான். நான் அந்தச் சிங்கத்தை ரெண்டு வருசம் பாத்திருக்கேன்டா. ராஃபிள்ஸ் பிளேஸ் ஸ்டேஷனுக்கு மண்ணு தோண்டுனப்ப, மதியச் சோத்தைத் தூக்கிக்கிட்டுத் தண்ணி ஓரமாப் போயி உக்காருவோம். சிங்கம் கொப்புளிக்கும், நாங்க சாப்பிடுவோம். ஒரு போட்டோ கிடையாது. இப்ப நீ 10 நிமிசம் நின்னு 60 போட்டோ எடுக்கப் போறே. சிங்கத்துக்கு எவனை ஞாபகம் இருக்கும்ங்குறே?

சரி, செந்தோசா, யுனிவர்சல் ஸ்டூடியோஸ், மிருகக்காட்சி சாலை, ராத்திரி சஃபாரி. இந்த நாலையும் அடி. செந்தோசா தெக்குக் கடைசி, மிருகக்காட்சி சாலை மண்டாயில, வடக்குக் கடைசி. தீவே 730 சதுர கிலோமீட்டர் சொச்சந்தான், நம்ம ஜில்லாவுல கால்வாசி கூட வராது, ஆனாலும் கடைசிக்குக் கடைசி ஓடுறவனுக்கு அது போதும் கால் ஒடிய. யுனிவர்சல் ஒரு முழு நாள் விசயம், பொண்டாட்டி புள்ளையோட போற எடம். ஒத்தையில ராட்டினத்துல உக்காந்து கத்துனா பக்கத்துல இருக்கறவன் என்ன நினைப்பான்? குரங்கு பாக்கணும்னா நம்ம ஊரு அய்யனார் கோயிலுக்குப் போ, டிக்கெட்டு கிடையாது.

இப்ப நான் ஒண்ணு சொல்றேன், எழுதிக்க. இல்ல, எழுதாதே, கட்டம் போட்டுருவே. கேட்டுக்க.

சாங்கியில ரயில் ஏறு. எக்ஸ்போன்னு ஒரு ஸ்டேஷன், அங்க எறங்கி நீலக் கோட்டு ரயிலுக்கு மாறு. அப்பறம் அன்னிக்குப் பூரா நீ அந்த நீலக் கோட்டை விட்டு எறங்க வேண்டாம். லிட்டில் இந்தியா அதுலதான், சைனாடவுன் அதுலதான், பேஃபிரண்டு அதுலதான். நாங்க தோண்டுனது செவப்பும் பச்சையும். 1987-ல முதல் ரயில் விட்டப்ப அஞ்சே ஸ்டேஷன். இந்த நீலம் எல்லாம் 2013-க்கு மேல வந்தது. டிக்கெட்டுக்கு வரிசையில நிக்க வேண்டாம், வெளிநாட்டுக்குச் செல்லுற பேங்கு கார்டைத் தட்டினாலே தொறக்கும்னு என் சேக்காளி சொன்னான். அவன் லிட்டில் இந்தியாவுலதான் இருக்கான், வாரத்துக்கு ஒருக்கா வாட்ஸ்அப்புல மூஞ்சி காட்டுவான். ரயிலுக்குள்ள வாயில எதையும் போடாதே. தின்னாலும் குடிச்சாலும் 500 வெள்ளி தண்டம்னு பலகையிலயே போட்டிருப்பான். டுரியான் பழத்துக்கும் அனுமதி கிடையாது, ஆனா அதுக்குத் தொகை போட மாட்டான். நாத்தத்துக்கு எவன் வெலை கட்டுறது?

வெள்ளின்னா முழிக்காதே. அங்க டாலரை நம்மாளுங்க வெள்ளின்னுதான் சொல்லுவோம். ஒண்ணு சொல்லிப்புடறேன், எதைப் பாத்தாலும் நம்ம ரூவாயில பெருக்கிப் பாக்காதே. பெருக்கினா டீ தொண்டையில எறங்காது. நான் அஞ்சு வருசம் பெருக்கிப் பெருக்கியே காலம் தள்ளினவன். அதான் பாக்க வேண்டிய எதையும் பாக்கல. தாவரவியல் பூங்கா ஒண்ணு இருக்கு, 1859-லேர்ந்து இருக்கு, உள்ள போகக் காசே கிடையாது. அது எனக்குத் தெரியாம, பஸ்சு காசைப் பெருக்கிப் பாத்துட்டுப் போகாமயே விட்டேன். 2015-ல ஐ.நா. சபைக்காரங்க அதை உலகச் சொத்துல சேத்தாங்களாம். இத்தனை நாள் கழிச்சு வாட்ஸ்அப்புல தெரிஞ்சுக்கறேன்.

தேக்காவுல எறங்கு. ஞாயித்துக்கிழமை போறே, அது உன் அதிர்ஷ்டம். பலகையில லிட்டில் இந்தியான்னு இருக்கும், நம்ம சனம் தேக்கான்னுதான் சொல்லும். சீனன் அந்த எடத்தை மூங்கில் அடிங்குற அர்த்தத்துல ஒரு பேரு சொல்லிக் கூப்பிட்டான், அது நம்ம வாயில தேஞ்சு தேக்கா ஆச்சு. மார்க்கெட்டு மாடிக்கெல்லாம் போகாதே, கீழ சாப்பாட்டுக் கடை வரிசையில உக்காரு. உக்கார்றதுக்கு முன்னாடி ஒரு டிஷ்யூ பொட்டலத்தை மேசை மேல வை. அவ்வளவுதான், எடம் உன்னுது, ஒரு பய தொட மாட்டான். நம்ம ஊரு பஸ்சுல ஜன்னல் வழியாத் துண்டு போடுறோம்ல, அதே வித்தை. ஆனா நம்ம ஊருல துண்டும் காணாமப் போயிரும், சீட்டும் காணாமப் போயிரும். அங்க ஒத்தையில போறவனுக்குத் தொணை அந்த டிஷ்யூதான். இந்தக் கூட்டுக் கடைகளோட பண்பாட்டையும் 2020-ல ஐ.நா. பட்டியல்ல ஏத்திட்டாங்க.

தே தாரிக்குன்னு கேளு, ஆத்திக் குடுப்பான். பாலு வேண்டாம்னா தே ஓ. சக்கரையும் வேண்டாம்னா தே ஓ கொசொங். இந்த மூணு வார்த்தையில நான் அஞ்சு வருசம் ஓட்டினேன். சாப்பிட்டு முடிச்சதும் தட்டை நீயே தூக்கிக்கிட்டுப் போயி அதுக்குன்னு இருக்கற அலமாரியில வைக்கணும். வைக்காமப் போனா 2021-லேர்ந்து தண்டம் போடுறான். இங்க பிறந்ததுலேர்ந்து உங்க அம்மா எடுக்கற தட்டை, அங்க போயி நீ எடுக்கப் போறே. அதை மட்டும் ஒரு போட்டோ புடிச்சு அவளுக்கு அனுப்பு. மத்த 60 போட்டோவும் அவளுக்கு வேண்டாம்.

தேக்காவுல நின்னுக்கிட்டு இருந்தாலே போதும், எவனாவது வந்து ‘தம்பி எந்த ஊரு’ம்பான். ஒரத்தநாட்டுக்காரன் இருப்பான், அறந்தாங்கி, மன்னார்குடி, திருப்பத்தூரு எல்லாரும் இருப்பான். வாரத்துல ஒரு நாள்தான் அவனுக்குப் பகல் வெளிச்சத்துல வேலை இல்லாம நிக்கிற நாளு. நீ இங்கிலீசுல பதில் சொல்லாதே. ஊர்ப் பேரைச் சொல்லு. மழை பேஞ்சுச்சா, ஆத்துல தண்ணி வந்துச்சான்னு கேப்பான். தெரியாட்டியும் வந்துச்சுன்னு சொல்லு. அவன் மூஞ்சியப் பாரு அப்ப. நீ தேடிப் போற 14 எடத்துலயும் அந்த மாதிரி ஒண்ணு கிடையாது.

ஒரு தமிழ் முரசு பேப்பர் வாங்கிக்க. நம்ம திருவாரூர்க்காரர் சாரங்கபாணி 1935-ல ஆரம்பிச்சது, இன்னும் வருது. மெல்போர்ன் போற வரைக்கும் படிக்கலாம், இல்லன்னா பூங்காவுல போட்டு உக்காரலாம். வீரமாகாளியம்மன் அங்கயே சிராங்கூன் ரோட்டுல இருக்கா, ஒரு கும்பிடு போட்டுட்டுக் கெளம்பு.

பதினோரு மணிக்குள்ள சைனாடவுன்ல எறங்கிரு. ஏன் அவசரப்படுத்துறேன்னா, மாரியம்மன் கோயில் உச்சிக்கு நடை சாத்திருவாங்க. சவுத் பிரிட்ஜ் ரோடுன்னு ஒரு ரோடு, அதுல நட. முதல்ல ஒரு பள்ளிவாசல், ரெட்டைக் கோபுரம் மாதிரி ரெண்டு மினாரா. சோழமண்டலக் கரையிலேர்ந்து போன சூலியா முஸ்லிம்கள் 1826-ல உண்டாக்கினது. நாலு எட்டு வெச்சா மாரியம்மன், 1827. நாராயணப் பிள்ளைன்னு ஒருத்தரு, 1819-ல ராஃபிள்ஸ் துரையோட பினாங்குலேர்ந்து கப்பல்ல வந்தவரு, மரமும் கீத்தும் வெச்சுக் கட்டிக் குடுத்தது. அந்த நாட்டுலயே பழைய இந்துக் கோயில் அதான். இன்னும் கொஞ்சம் நடந்தா புத்தர் பல்லு கோயில், 2007-ல வந்தது, நான் பாத்ததில்ல. சீனன் பேட்டைக்கு நடுவுல நம்ம மாரியாத்தா எப்படி உக்காந்தான்னு கேக்காதே. அவளும் அந்தக் காலத்துலேர்ந்தே அங்க இருக்கறவ. பக்கத்துத் தெருவுக்குப் பகோடா தெருன்னு பேரு. தின்ற பக்கோடா இல்லடா! அவ கோபுரத்தைத்தான் வெள்ளைக்காரன் பகோடான்னான். நான் போன புதுசுல அந்தப் பலகையைப் பாத்துட்டு வெங்காய பக்கோடா தேடித் தெரு முச்சூடும் அலைஞ்சிருக்கேன். இதை அப்பாயிகிட்டச் சொல்லாதே, 40 வருசமா மறைச்சு வெச்சிருக்கேன்.

மதியம் எதுத்தாப்புல மேக்ஸ்வெல் கடை வரிசையில சாப்பிடு. அதுக்கப்பறம்தான் உனக்குச் சோதனை. வெயிலும் வேர்வையுமா இருக்கும், திடீர்னு மழை கொட்டும், கண்ணு சொக்கும். அப்ப எதையும் பாக்காதே. மாடி பஸ்சு ஒண்ணுல ஏறு, மாடியில முன் சீட்டு காலியா இருந்தா உக்காரு. எங்க போவுதுன்னு கேக்காதே. குளுகுளுன்னு இருக்கும், ஊரு தானா வந்து கண்ணாடி முன்னாடி நடந்து போவும். நாங்க கட்டுன அடுக்கு மாடி வீடுங்க வரிசை வரிசையா வரும், எது நான் பூசுன சுவருன்னு எனக்கே தெரியாது, உனக்கும் தெரிய வேண்டாம். கடைசி ஸ்டாப்புல எறக்கி விட்டா எதுத்த பக்கம் நின்னு அதே நம்பரைப் புடிச்சுத் திரும்பி வா. தூங்கிட்டா? தூங்கு. போனுல அலாரம் வெச்சுக்க, பையை மடியில கட்டிக்க.

சாயங்காலம் பேஃபிரண்டு. அங்க இருக்கற பூங்காவுல இரும்பு மரம் 18 நட்டு வெச்சிருக்கான், ஒசந்தது 50 மீட்டரு. மரத்தடியில நின்னு பாக்கக் காசில்ல. 7.45-க்கு ஒரு வாட்டி, 8.45-க்கு ஒரு வாட்டி விளக்கும் பாட்டுமா மரம் ஆடும். உனக்கு 7.45 மட்டுந்தான். கால் மணியில முடிஞ்சிரும். ‘இன்னொரு வாட்டி பாத்துட்டுப் போவோமே’ன்னு மனசு சொல்லும் பாரு, அந்த மனசை நம்புனவன்தான் விமானத்தை விடுறவன். 8 மணிக்குக் கெளம்புனா 9-க்கு சாங்கி, அருவியை வெளிச்சத்துல பாத்துட்டு 10 மணிக்கெல்லாம் உள்ள போயிரு. அங்க முக்கால்வாசி எடத்துல பை சோதனை விமானம் ஏறுற வாசல்லயே வெச்சிருக்கான், கடைசி நேரத்துல வரிசை நிக்கும். தண்ணி பாட்டிலைக் காலி பண்ணிட்டுப் போ.

என்ன, மூஞ்சி சுருங்குது? 14 எடம் மூணாயிருச்சேன்னா? மூணும் ஒரு பஸ்சும்னு சொல்லு. சிங்கம் வேணும்னா வெச்சுக்க, உன் ஆசையை நான் ஏன் கெடுக்கணும். பூங்காவுக்கு முன்னாடி, அதுக்கு மட்டும் நீலக் கோட்டை விட்டு மாறி, ராஃபிள்ஸ் பிளேஸ்ல எறங்கி, நடந்து போயி பாத்துட்டு வா. எறங்குனதும் மேல ஓடிராதே. கீழ தண்டவாளத்துப் பக்கம் ஒரு நிமிசம் நில்லு. எதுக்குன்னு கேக்காதே, நில்லு.

அந்த வெத்தலைப் பெட்டியைக் கொண்டா. அடித்தட்டைத் தூக்கு, மெதுவா. பிளாஸ்டிக் உறையில ஒரு நோட்டு மடிச்சிருக்கா? பத்து வெள்ளி. மீன்கொத்திப் படம் போட்டிருக்கு பாரு, இந்த மாதிரி நோட்டு இப்ப அங்க அடிக்கறதில்ல, ஆனா செல்லும்னு சேக்காளி சொல்லியிருக்கான். வரும்போது கையில மிஞ்சினது. உங்க அப்பாயிக்கு இப்படி ஒண்ணு இருக்கறதே தெரியாது. தேக்காவுல எனக்காக ஒரு தே தாரிக் குடி. கடைக்காரன் நோட்டைத் திருப்பித் திருப்பிப் பாப்பான், பாக்கட்டும். மிச்சக் காசை எண்ணி வாங்கிக்க.

அதை மெல்போர்ன்ல செலவு பண்ணிராதே. அடுத்த லீவுக்கு வரும்போது கொண்டாந்து எங்கிட்டக் குடுக்கணும். கணக்கு இருக்கு.